விற்பனை இரட்டிப்பு, கையில் காசில்லை: பெரிய ஆர்டரை எடுக்கலாமா?

கேட்டவர் அட்டைப்பெட்டி தயாரிக்கும் சிறு நிறுவனம் நடத்துகிறார். இரண்டே ஆண்டில் விற்பனை இரட்டிப்பாகிவிட்டது. 6 பேர் இருந்த இடத்தில் இப்போது 23 பேர். ஆடிட்டர் லாபம் என்கிறார். ஆனால் சம்பளத் தேதி நெருங்கினாலே வயிற்றைக் கலக்குகிறதாம். இந்த நேரம் பார்த்து ஒரு பெரிய வாடிக்கையாளர் வந்திருக்கிறார். இப்போதைய விற்பனையில் 40 சதவீதத்துக்குச் சமமான ஆர்டர். ஆனால் 90 நாள் கடன் வேண்டும், விலையில் 5 சதவீதம் குறைக்க வேண்டும். எடுத்தால் இரண்டாவது மெஷினும் பெரிய இடமும் தேவைப்படும். எடுக்கலாமா, அடுத்த ஆண்டை எப்படித் திட்டமிடுவது என்பது கேள்வி.

இருபது வருஷத்துக்கு மேலாகச் சிறு நிறுவனங்களின் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவன் நான். விற்பனை குறைந்து மூடிய நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன். விற்பனை ஏறிக்கொண்டிருக்கும்போதே மூடியவையும் உண்டு, அவை குறைவில்லை. வளர்ச்சி எதையும் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைத் தின்னும்: கையிலிருக்கும் காசு, முதலாளியின் நேரம். எனவே திட்டத்தை இந்த இரண்டிலிருந்து தொடங்குங்கள். விற்பனை இலக்கைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

முதலில் காசு. லாபம் இருக்கிறது, பணம் எங்கே என்பதுதான் உங்கள் குழப்பம். ஆடிட்டர் பொய் சொல்லவில்லை. பில் போட்ட அன்றே அவர் கணக்கில் அது வருமானம். உங்கள் கைக்கு அது வருவது இரண்டு மாதம் கழித்து. ஆனால் காகிதம் வாங்கியதற்கும் ஆட்களுக்கும் மின்சாரத்துக்கும் அதற்கு முன்பே கொடுத்துவிட்டீர்கள். கொடுத்த நாளுக்கும் வந்த நாளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை யாராவது தாங்க வேண்டும். அது நீங்கள்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாத விற்பனை 10 லட்சம், எல்லாச் செலவும் போக லாபம் 10 சதவீதம் என்று வையுங்கள். மாதம் 9 லட்சம் வெளியே போகிறது. பணம் போய்த் திரும்ப 75 நாள் ஆகிறது என்றால், எந்த நேரத்திலும் இரண்டரை மாதச் செலவு, அதாவது 22.5 லட்சம், தொழிலுக்குள் சிக்கியிருக்கும். ஓராண்டில் விற்பனை படிப்படியாக ஏறி மாதம் 20 லட்சம் ஆகிறது. இப்போது சிக்கியிருக்கும் தொகை 45 லட்சம். கூடுதலாகப் போட வேண்டியது 22.5 லட்சம். அந்த ஆண்டில் சம்பாதித்த லாபம் எவ்வளவு? சராசரியாக மாதம் 15 லட்சம் விற்பனை, அதில் 10 சதவீதம், பன்னிரண்டு மாதத்துக்கு 18 லட்சம். மொத்த லாபத்தையும் உள்ளே போட்டும் 4.5 லட்சம் பற்றாக்குறை. வரி கட்டவில்லை, வீட்டுக்கு ஒரு பைசா எடுக்கவில்லை, புது மெஷின் வாங்கவில்லை. இது எதுவுமே செய்யாதபோதே இந்த நிலை. சம்பளத் தேதியன்று வயிறு கலங்குவதற்குக் காரணம் உங்கள் திறமைக் குறைவல்ல, இந்தக் கழித்தல் கணக்குதான்.

இதே கணக்கில் 75 நாளை 60 நாளாக்க முடிந்தால்? 20 லட்சம் விற்பனையில் சிக்கும் தொகை 36 லட்சமாகிவிடும். 9 லட்சம் வெளியே வருகிறது, வட்டியில்லாமல், எந்த வங்கி மேனேஜர் முன்னாலும் உட்கார்ந்து காத்திருக்காமல். பதினைந்து நாளைக் குறைப்பது அவ்வளவு கஷ்டமுமில்லை. பல இடங்களில் சரக்கு போன அன்றே பில் போவதில்லை. வாரக் கடைசியில் மொத்தமாகப் போடுகிறார்கள். அங்கேயே மூன்று நான்கு நாள் போய்விடுகிறது. பில்லில் ஆர்டர் எண் தவறாக இருந்து திரும்பி வந்தால் இன்னும் பத்து நாள். கடன் வசூல் என்றால் அதட்டிக் கேட்பது என்று நினைக்கிறார்கள். முக்கால்வாசி வசூல் நம் பக்கத்து எழுத்து வேலையைச் சரிசெய்வதில்தான் இருக்கிறது.

அடுத்து, 13 வாரப் பண அட்டவணை. ஒரு காலாண்டு அளவு. ஒரு தாளில் 13 கட்டம். ஒவ்வொன்றிலும் தொடக்க இருப்பு, வரவு, செலவு, முடிவு இருப்பு. அவ்வளவுதான். ஆனால் வரவை எழுதும்போது பில்லில் உள்ள தவணைத் தேதியை எழுதாதீர்கள். அந்த வாடிக்கையாளர் கடந்த நான்கு முறை எத்தனை நாளில் கொடுத்தார் என்று பார்த்து அந்த நாளைப் போடுங்கள். 45 நாள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு 68 நாளில் கொடுப்பவர் 68 நாள்காரர்தான். ஒவ்வொரு வாரமும் முடிந்த வாரத்தை அடித்துவிட்டு, கடைசியில் ஒரு வாரம் சேருங்கள். போன வாரம் நினைத்ததும் நடந்ததும் எங்கே வேறுபட்டன என்று ஐந்து நிமிஷம் பாருங்கள். மூன்று மாதம் விடாமல் செய்தால், எட்டாவது வாரத்தில் வரப்போகும் பள்ளம் இப்போதே தெரியும். எட்டு வாரம் முன்னால் கேட்டால் வங்கி உங்களைத் திட்டமிடுபவர் என்று நினைக்கும். எட்டு நாள் முன்னால் போய் நின்றால் அங்கே பேச்சே வேறாக இருக்கும்.

இதில் ஒரு பழைய தவறையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் மெஷின் வாங்கும் யோசனையில் இருக்கிறீர்கள். கையிலிருக்கும் ஓவர்டிராஃப்ட்டை, அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்க வங்கி தரும் குறுகிய காலக் கடனை, எடுத்து மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மெஷின் ஐந்து ஆண்டில் சம்பாதித்துத் தரும் பொருள். அதற்கான கடனும் ஐந்து ஆண்டுக் கடனாக இருக்க வேண்டும். சரக்கு வாங்க வைத்திருந்த பணம் இரும்பாக மாறிவிட்டால் மெஷின் பளபளவென்று நிற்கும், அதில் ஓட்டக் காகிதம் இருக்காது. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். யார் என்று சொல்ல வேண்டாம்.

இனி அந்த 5 சதவீதத் தள்ளுபடி. கேட்கும்போது சின்ன எண். காகிதம், கூலி போன்ற நேரடிச் செலவு மட்டும் போக 20 சதவீதம் மிஞ்சும் பொருளில் 5 சதவீதம் குறைத்தால், பழைய தொகையையே ஈட்ட 33 சதவீதம் கூடுதலாக விற்க வேண்டும். 20-ஐ 15-ஆல் வகுத்துப் பாருங்கள். அதே பொருளின் விலையை 5 சதவீதம் ஏற்றினால், விற்கும் எண்ணிக்கையில் 20 சதவீதத்தை இழந்தாலும் அதே தொகை மிஞ்சும், வேலையும் குறைவு. விலை ஏற்றப் பயப்படும் முதலாளிகள் தள்ளுபடி கொடுக்க மட்டும் பயப்படுவதில்லை. எனக்கு இது இன்னும் புரியாத விஷயம்.

அப்புறம் உங்கள் நேரம். 6 பேர் இருந்தபோது எல்லாருக்கும் எல்லாம் தெரியும். நீங்கள் சத்தமாகப் பேசினாலே போதும், அதுதான் நிர்வாகம். ஆட்கள் கூடும்போது தலை எண்ணிக்கையைவிட வேகமாக ஏறுவது இருவருக்கு இருவர் பேச வேண்டிய இணைப்புகள். 6 பேருக்கு 15 இணைப்பு. 23 பேருக்கு 253. பெரிய கணினித் திட்டமொன்றை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975-ல் எழுதினார். அதற்கு அவர் காட்டிய காரணங்களில் ஒன்று இந்த இணைப்புக் கணக்கு. இன்னொன்று, புதியவருக்குக் கற்றுக்கொடுக்கப் பழையவரின் நேரம் போகிறது என்பது. அட்டைப்பெட்டிக்கும் இது பொருந்தும். ஒரே மாதத்தில் ஐந்து பேரைச் சேர்த்தால் அந்த மாதம் உற்பத்தி ஏறாது, இறங்கவும் செய்யலாம். உங்கள் திட்டத்தில் புது ஆட்களின் முதல் இரண்டு மாதத்தைச் செலவாக மட்டும் எழுதுங்கள்.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இரண்டு வாரம் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். யார் வந்து எதைக் கேட்டாலும் ஒரு வரி எழுதுங்கள். தண்ணீர் கேனுக்குப் பணம் கொடுக்கலாமா, இந்த வண்டியில் எந்தச் சரக்கு முதலில், அந்தப் பார்ட்டிக்கு இரண்டு நாள் கூடுதல் தவணை தரலாமா, எல்லாம். நான் இதைச் சொன்ன ஓர் அச்சக உரிமையாளர் நான்காம் நாளே போன் செய்தார். "சார், நோட்டு தீர்ந்துபோச்சு" என்றார். வாங்கிப் பார்த்தேன். ஒரே கேள்வி, வண்டியை எப்போது அனுப்புவது என்பது, ஒரு பக்கத்தில் ஏழு தடவை இருந்தது. ஏழு தடவையும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான். அதாவது விதி ஏற்கெனவே இருக்கிறது, அவர் தலைக்குள் மட்டும் இருக்கிறது. அதை எழுதிச் சுவரில் ஒட்டியதும் அந்தக் கேள்வி நின்றுவிட்டது.

நோட்டில் உள்ளவற்றை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு குறிப்பிட்ட தொகை வரை அவர்களே முடிவெடுக்கலாம், சொல்லக்கூட வேண்டாம். அதற்கு மேல் ஓர் அளவு வரை செய்துவிட்டுச் சொல்லலாம். அதற்கும் மேல் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். எல்லைகளை எண்ணாகவே எழுதுங்கள். "முக்கியமானதை மட்டும் என்னிடம் கொண்டு வாருங்கள்" என்று சொன்னால் எது முக்கியம் என்று யாருக்கும் தெரியாது, எல்லாம் வரும். ஒருவர் முதல் முறை தவறாக முடிவெடுக்கும்போது எல்லார் முன்னாலும் கத்தினீர்கள் என்றால் கதை முடிந்தது. மறுநாளிலிருந்து தண்ணீர் கேன் மறுபடி உங்கள் மேசைக்கு வரும்.

சூப்பர்வைசர் நியமனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மிக நன்றாக மெஷின் ஓட்டுபவரையே சூப்பர்வைசராக்குவது எல்லாரும் செய்வது. நல்ல ஆபரேட்டர் ஒருவரை இழந்து, தயங்கித் தயங்கி வேலை வாங்கும் ஒருவரைப் பெறுவதில்தான் அது பல சமயம் முடிகிறது. அவருக்குச் சம்பளத்தை ஏற்றிக் கொடுத்து மெஷினிலேயே வையுங்கள். வேலை வாங்குவது வேறு திறமை. அது யாரிடம் இருக்கிறது என்பது நீங்கள் இல்லாத நாளில் மற்றவர்கள் யாரிடம் போய்க் கேட்கிறார்கள் என்பதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது மெஷின் வேண்டுமா என்பதற்கு வருகிறேன். வாங்குவதற்கு முன்னால் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. இப்போது உங்கள் தளத்தில் பாதி முடிந்தும் முடியாமலும் எத்தனை ஆர்டர் கிடக்கிறது? நாளொன்றுக்கு எத்தனை முடிகிறது? 60 கிடக்கிறது, நாளுக்கு 4 முடிகிறது என்றால் இன்று உள்ளே வரும் ஆர்டர் வெளியே போக சராசரியாக 15 நாள். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த எளிய உறவு இது. உங்கள் விற்பனை ஆள் பத்து நாளில் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தால், அது நிறைவேறாது என்பது வகுத்தலிலேயே தெரிகிறது. ஆட்களைத் துரத்திப் பயனில்லை. உள்ளே எடுக்கும் ஆர்டரைக் கொஞ்ச நாள் அடக்கி, கிடப்பதை 40 ஆக்கினால் பத்து நாள் தானாக வரும்.

அடுத்து எங்கே குவிகிறது என்று பாருங்கள். தளத்தில் ஒரு சுற்று நடந்தாலே போதும். எந்த மெஷினுக்கு முன்னால் அட்டை மலை போல் கிடக்கிறதோ அதுதான் உங்கள் தொழிலின் வேகம். மற்ற எதை வேகப்படுத்தினாலும் மலைதான் உயரும். தொழில் நிர்வாக எழுத்தாளர் எலியாஹு கோல்ட்ராட் 1980-களில் ஒரு நாவலாகவே எழுதிப் பரப்பிய கருத்து இது. நெருக்கடியான அந்த ஒரு மெஷின் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நிற்கிறதா? மாற்றி மாற்றிச் சாப்பிட ஏற்பாடு செய்தால் நாளுக்கு முக்கால் மணி நேரம் கிடைக்கும். டை (அட்டையை வெட்டும் அச்சு) மாற்ற எவ்வளவு நேரம் ஆகிறது? குறையுள்ள அட்டை அதற்கு முன்னாலேயே கழிக்கப்படுகிறதா, அல்லது அதன் மேல் ஓடிய பிறகா? இவற்றைச் சரிசெய்த பிறகும் போதவில்லை என்றால் மெஷின் வாங்குங்கள். பாதிப் பேருக்கு அந்தக் கட்டத்தில் தேவைப்படுவதில்லை என்பது என் அனுபவம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. எல்லா மெஷினையும் முழு நேரமும் ஓட்ட வேண்டும் என்ற ஆசை ஆபத்தானது. ஆர்டர்கள் ஒழுங்கில்லாமல் வரும், ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் ஏறி இறங்கும் ஒரே ஒரு மெஷினை எடுத்துக்கொண்டால், வரிசைக் கோட்பாட்டின், அதாவது வரிசையில் காத்திருப்பதைப் பற்றிய கணிதத்தின், எளிய கணக்கு இப்படி வரும்: 80 சதவீத நேரம் ஓடினால், ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைப் போல 4 மடங்கு அது காத்திருக்க வேண்டும். 90 சதவீதத்தில் 9 மடங்கு. 95-ல் 19 மடங்கு. கடைசி 5 சதவீதத்தைப் பிழிந்து எடுக்கப் போய்க் காத்திருப்பை இரட்டிப்பாக்குகிறோம். கொஞ்சம் சும்மா நிற்கும் மெஷினைப் பார்த்து முதலாளிக்கு மனசு பதறும். பதறட்டும்.

திட்டத்தின் தேதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். புது இடத்துக்கு மாற இரண்டு மாதம் என்று எழுதியிருப்பீர்கள். மனிதர்கள் தம் வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுவார்கள் என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதிவிட்டார்கள். சிட்னி ஆபரா ஹவுஸை 1963-ல் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடிப்பதாகத் திட்டம். திறந்தது 1973-ல், செலவு 10 கோடியே 20 லட்சம். நம்முடையது அவ்வளவு பெரிதில்லை, ஆனால் நோய் அதேதான். மருந்து ஒன்றுதான் எனக்குத் தெரிந்து வேலை செய்கிறது: கடைசியாக நீங்கள் வாங்கிய மெஷின், பேசத் தொடங்கிய நாளிலிருந்து முதல் நல்ல பெட்டி வெளிவந்த நாள் வரை எத்தனை நாள் ஆனது என்று பழைய பில்களை எடுத்துப் பாருங்கள். அந்த எண்ணை அப்படியே போடுங்கள். "இந்த முறை வேகமாக முடிப்போம்" என்று குறைக்காதீர்கள்.

ஆண்டுத் திட்டம் என்பது என்னைக் கேட்டால் இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. விற்பனை நினைத்தபடி, 25 சதவீதம் குறைவாக, 40 சதவீதம் கூடுதலாக என மூன்று நிலை. மூன்றாவதை யாரும் எழுதுவதில்லை. உங்களைப் போன்றவர்களைத் தள்ளிவிடுவது அதுதான். ஒவ்வொன்றுக்கும் கீழே, எந்த அறிகுறி தெரிந்தால் என்ன செய்வோம் என்று இப்போதே, தலை குளிர்ச்சியாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள். வங்கி இருப்பு ஆறு வாரச் செலவுக்குக் கீழே போனால் புது ஆள் சேர்ப்பது நிற்கும், நான் வீட்டுக்கு எடுப்பது பாதியாகும் என்பது போல. அந்த நாள் வந்த பிறகு யோசித்தால் "இன்னும் ஒரு மாதம் பார்ப்போம்" என்றுதான் மனசு சொல்லும்.

சரி, அந்த ஆர்டர். மேலே போட்ட கணக்கையே வைத்துக்கொள்வோம். 10 லட்சத்தில் 40 சதவீதம், மாதம் 4 லட்சம். அதற்கான செலவு 3.6 லட்சம். 90 நாள் கடன், சப்ளையர் தரும் தவணையைக் கழித்த பிறகும் சரக்காகவும் வேலையாகவும் 20 நாள், ஆக 110 நாள். சிக்கும் தொகை 13 லட்சத்துக்கு மேல். 5 சதவீதத் தள்ளுபடி போனால் மாத வரவு 3.8 லட்சம், மிஞ்சுவது 20 ஆயிரம், ஆண்டுக்கு 2.4 லட்சம். அந்த 13 லட்சம் வட்டிக்கு வந்தால் அதிலும் ஒரு பங்கு போய்விடும். வாடகையும் அலுவலகச் செலவும் எப்படியும் இருப்பதுதானே, கூடுதல் ஆர்டருக்கு அதை ஏன் சேர்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இருக்கிற மெஷினும் இடமும் போதும் என்றால் சேர்க்க வேண்டாம், அப்போது ஆர்டர் நல்ல ஆர்டராகக்கூட இருக்கலாம். ஆனால் இரண்டாவது மெஷினும் பெரிய இடமும் வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்த ஆர்டர் அந்தச் செலவைப் புதிதாக உண்டாக்குகிறது.

அதோடு, எடுத்த பிறகு உங்கள் மொத்த விற்பனையில் கால் பங்குக்கு மேல் ஒரே ஆள் கையில் இருக்கும். அடுத்த ஆண்டு அவர் இன்னொரு 3 சதவீதம் கேட்டால் மறுக்க முடியாத இடத்தில் இருப்பீர்கள்; மெஷின் தவணை ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் மறுக்க மாட்டேன், அப்படியே எடுக்கவும் மாட்டேன். மூன்றில் ஒரு பங்கை, இப்போதிருக்கும் மெஷினில் ஓட்டக்கூடிய அளவை மட்டும், ஆறு மாதத்துக்கு எடுப்பேன். தள்ளுபடியையும் தவணையையும் ஒன்றாகத் தர மாட்டேன்: 90 நாள் வேண்டுமென்றால் பழைய விலை, 5 சதவீதம் வேண்டுமென்றால் 30 நாள். காகிதத்துக்கு அட்வான்ஸ் கேட்பேன். கிடைக்காது, ஆனாலும் கேட்பேன், அதைக் கேட்ட பிறகு 60 நாள் கேட்பது எளிது. காகித விலை ஏறினால் பெட்டி விலையும் ஏறும் என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன்.

கொள்முதல் மேலாளரோடு எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது அவர்களுடைய கணக்குப் பிரிவில் ஒருவரை அறிமுகம் செய்துவைக்கச் சொல்லுங்கள். பில்லை யார் பாஸ் செய்கிறார், மாதத்தில் எந்தெந்தத் தேதியில் பணம் போகிறது, 90 நாள் என்பது சரக்கு இறங்கிய நாளிலிருந்தா, பில் பதிவான நாளிலிருந்தா, மாதக் கடைசியிலிருந்தா என்று அவரிடம் கேளுங்கள். மாதக் கடைசியிலிருந்து என்று சொன்னால், மாதம் முதல் வாரத்தில் நீங்கள் அனுப்பும் சரக்குக்கு அது ஏறக்குறைய 115 நாள். மேலே போட்ட கணக்கை அந்த எண்ணை வைத்து மறுபடி போட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.